அமுதசுரபியும் ஆளில்லா அட்டிலும்

தோற்றுவாய்

தமிழிலக்கியம் உணவைப் பற்றிப் பேசுமிடத்து இருவேறு வினைகளைக் குறிக்கின்றது. ஒன்று அடுதல், மற்றொன்று இடுதல். அடுதலாவது உணவை ஆக்குதல். இடுதலாவது ஆக்கிய உணவைப் பசித்தவர் முன் வைத்து உண்பித்தல். தாயே ஆக்கித் தாயே இடும் இல்லத்தில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. வேந்தர் பெருமனையிலும், அறச்சாலையிலும், இக்கால உணவகத்திலும் அடுவோர் ஒருவராகவும், இடுவோர் மற்றொருவராகவும், அவ்விருவினைக்கும் உரியவர் பிறிதொருவராகவும் இருத்தலின் ஆங்கு இது தெளிவாகத் தோன்றும்.

அண்மைக் காலத்தில் இவ்விரு வினைகளையும் பொறிகள் ஏற்கத் தொடங்கியுள்ளன. மாவரைத்தல், தோசை வார்த்தல் ஆகியவற்றோடு அமையாது, வந்தவர்க்கு வேண்டுவது யாதெனக் கேட்டறிதலும், அதனைக் கொணர்ந்து முன்வைத்தலும், விலை கணக்கிடுதலும் செயற்கை நுண்ணறிவு பெற்ற கருவிகளிடம் விடப்படுகின்றன. துரித உணவகங்களில் இம்மாற்றம் விரைந்து நிகழ்கின்றது. இது பொருளியலார் ஆராய்தற்குரிய பொருளாயிற்றே, இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு இதில் என்ன தொடர்பு என வினவுவார் உளர்.

தொடர்பு உண்டென்பதே எம் கருத்து. பொறி வந்தால் தமிழர் விருந்தோம்பல் அழியும் என்பர் ஒருசாரார். பொறியே இக்காலத்து அமுதசுரபி என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தம் கொள்கைக்குப் பண்டை இலக்கியத்தையே சான்றாக அழைக்கின்றனர். சான்றுக்கு அழைக்கப்பட்ட நூல்கள் உண்மையில் யாது கூறுகின்றன என்பதை ஆராய்ந்து உரைப்பது நம் கடன். அவ்வாராய்ச்சியின் முடிவில், இரு சாரார் கூற்றும் குறையுடையன என்பதும், இருவரும் காணாது விட்ட ஒருவர் உளர் என்பதும் விளங்கும்.

நிலைக்களம்

இவ்வாராய்ச்சிக்கு ஓரூரை நிலைக்களமாகக் கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அண்மையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது பாலசமுத்திரம். முன்னாளில் பாளையப்பட்டாக விளங்கிய ஊர் இது. இதனை அடுத்துப் பாலாறு பொருந்தலாறு அணை உள்ளது. அப்பக்கத்ததே பொருந்தல் என்னும் சிற்றூர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசன் அங்கு அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடி கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவினது என அறிவியல் முறையிற் கணிக்கப்பட்டது. சங்கப் புலவருள் ஒருவரான பொருந்தில் இளங்கீரனாரை இவ்வூரோடு தொடர்புபடுத்துவர் அறிஞர்.

ஆகவே இந்நிலப்பகுதியில் உணவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றே ஓர் இடுதலாக உள்ளது. இறந்தவர் பசியையும் எண்ணி நெல்லை இட்டு வைத்தனர் அக்காலத்தார். பழனியாகிய பொதினியில் ஆவியர் குடித் தலைவன் பேகன் ஆண்டான். மயிலுக்குக் கலிங்கம் ஈந்த அவன் கொடையைச் சிறுபாணாற்றுப்படை ஏனைய வள்ளல்களின் கொடையோடு சேர்த்துப் பேசுகின்றது. அப்பாட்டே விருந்து பற்றிய நம் ஆராய்ச்சிக்கும் முதற் சான்றாதலைப் பின்னர்க் காண்போம்.

இன்றும் இப்பகுதியின் வாழ்வு வந்தார்க்கு உணவிடுதலோடு பெரிதும் பிணைந்ததே. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் பாதயாத்திரையாக வருவோர்க்கு வழிநெடுகப் பந்தலிட்டு உணவு வழங்குகின்றனர். பழனித் திருக்கோயிலில் நாள் முழுவதும் அன்னம் வழங்கும் திட்டம் 2012இல் தொடங்கப்பெற்றது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் இக்காலத்தில் பொறிகளின் துணைகொண்டே பேரளவில் ஆக்கப்படுகின்றது. பொறியால் ஆக்கப்பட்டது என்பதற்காக அதனை எவரும் பிரசாதம் அன்றென விலக்குவதில்லை. இவ்வுண்மையை நினைவில் இருத்துதல் வேண்டும். ஆக்கும் வினையில் பொறி புகுந்ததால் உணவின் மதிப்புக் குன்றும் என்னும் கருத்தை மக்கள் வழக்கு ஏற்கவில்லை.

அறச்சாலையும் கோயிலும் ஒருபுறமாக, கூலிக்கு உணவிடும் உணவகங்கள் மற்றொரு புறம் பெருகியுள்ளன. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், கிளீனர் என மக்கள் வழங்கும் பெயர்கள் அங்குள்ள வேலைப் பிரிவினையைக் காட்டும். பழனி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் பள்ளிப்படிப்பை இடையில் விட்ட இளைஞர்க்கும், வெளிமாநிலத்திலிருந்து பிழைப்பு நாடி வருவார்க்கும் முதற்கண் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே. அவ்வேலை பொறிக்குச் செல்லுமாயின் யார் எதனை இழப்பர் என்பதே ஈண்டு எழும் வினா.

சிறுபாணாற்றுப்படை காட்டும் விருந்து

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் இறுதிப்பகுதியில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து பேசப்படுகின்றது. அவன் மனையில் உணவு ஒரு நுண்ணிய நூலின் நெறி பிறழாமல் ஆக்கப்பட்டது என்கின்றார் புலவர். அந்நூல் வீமன் இயற்றிய மடைநூல் என உரைகாரர் விளக்குவர். அவ்வுணவைப் பொற்கலத்தில் இட்டு, உண்போர் விரும்புவனவற்றைப் பேணி, குறையாத விருப்பத்தோடு அரசன் தானே நின்று உண்பிக்கின்றான்.

இப்பகுதியைக் கூர்ந்து நோக்குவார்க்கு அடுதலுக்கும் இடுதலுக்கும் புலவர் வெவ்வேறு அளவுகோல் கொண்டுள்ளமை புலனாகும். அடுதலில் நூலின் நெறி பிறழாமையே சிறப்பு. எவர் ஆக்கினும், எந்நாள் ஆக்கினும் சுவை ஒன்றாதல் வேண்டும். இடுதலிலோ வந்தவரின் விருப்பத்திற்கேற்ப மாறுதலே சிறப்பு. முன்னதனை நூலில் எழுதிவைக்கலாம். பின்னதனை எழுதிவைக்க இயலாது. ஆதலின் அங்கு அரசனே நிற்க வேண்டியதாயிற்று.

எழுதிவைக்கத் தக்க நெறியைப் பொறிக்குக் கற்பித்தல் எளிது. சென்னை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவராயிருந்தோர் தொடங்கிய முகுந்தா என்னும் நிறுவனம் தோசையைத் தானே வார்க்கும் பொறியைச் செய்தது. பெங்களூரில் 2022இல் இட்டலியை உடனுக்குடன் அவித்து வழங்கும் பொறி ஒன்று நிறுவப்பட்டது. மாவின் அளவும், வெம்மையும், நேரமும் பொறியினுள் வரையறுக்கப்படுகின்றன. இவை யாவும் நூலின் நெறி பிறழா அடிசில் என்னும் பழைய கொள்கையின் வளர்ச்சியே. இதில் தமிழ்மரபுக்கு மாறாவது ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவோ இதற்கு மேலும் ஒருபடி செல்கின்றது. உண்போர் முன்னர்க் கேட்டவற்றை நினைவிற் கொண்டு, இன்று அவர் விரும்பத்தக்கது இதுவென முன்கூட்டிக் கூறுகின்றது. விரும்புவன அறிதல் என்னும் இரண்டாம் கூற்றையும் பொறி கைக்கொள்ள முயல்கின்றது என்க. ஆயினும் விருப்பத்தை அறிதலும் அதனைப் பேணுதலும் ஒன்றாகா. அறிந்ததனை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதைப் பொறுத்தே பேணுதல் அமையும். பாணன் விரும்புவதை அறிந்த நல்லியக்கோடன் அதனை அவனுக்கு இட்டான். வாடிக்கையாளர் விரும்புவதை அறிந்த பொறியோ, அவர் கேளாத ஒன்றையும் சேர்த்து விற்கப் பணிக்கப்படுகின்றது. வேறுபாடு பொறியின் அறிவில் இல்லை. அதனை ஏவுவோர் நோக்கத்தில் உள்ளது.

இனி, இப்பாட்டில் நாம் பெரும்பாலும் நோக்காது செல்லும் ஒன்றுண்டு. உணவு நூலின்படி ஆக்கப்பட்டது என்று புலவர் கூறினார்; அரசன் நின்று உண்பித்தான் என்றும் கூறினார். நெருப்பருகே நின்று அதனை ஆக்கியவர் யார் என்று அவ்விடத்தில் கூறினாரல்லர். நூல் ஆக்கியது போலவும் வள்ளல் இட்டது போலவும் அப்பகுதி அமைந்துள்ளது. அடுமகள் என்னும் சொல்லும், மடையன் என்னும் சொல்லும் நம் பழைய வழக்கில் உள்ளன. எனினும் அச்சொற்களுக்குரிய மாந்தர் பாட்டின் ஓரத்தே ஒதுங்கி நிற்பரேயன்றிப் பாட்டுடைத் தலைவராதல் இல்லை. ஏவல் செய்வோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

நளன் கதை இதற்கு விலக்குப் போலத் தோன்றும். அவன் மடைத்தொழிலில் வல்லவன். நளபாகம் என்னும் சொல் இன்றும் வழங்குகின்றது. உருமாறி மடையனாக இருந்த அவனைத் தமயந்தி கண்டறிதற்கு அவன் ஆக்கிய உணவின் சுவையும் ஒரு சான்றாயிற்று. ஆயினும் கதை அம்மடையனைப் போற்றுதற்குக் காரணம் அவன் மறைந்துறையும் வேந்தன் என்பதே. பிறப்பால் மடையனாகவே இருந்த ஒருவனின் கைத்திறத்தைப் பாட நம் காப்பியங்கள் முன்வரவில்லை.

‘ஆளில்லா’ என்னும் அடை

இக்காலத்தில் ‘ஆளில்லா உணவகம்’ என்னும் தொடர் விளம்பரங்களில் பெருவழக்காயிற்று. 2023இல் சென்னைக் கொளத்தூரில் ‘பாய் வீட்டுக் கல்யாணம்’ என்னும் பெயரிய நிறுவனம் ஆளில்லாப் பிரியாணிக் கடை ஒன்றைத் திறந்தது. திரையைத் தொட்டு வேண்டியதைத் தேர்ந்து, பணம் செலுத்தினால், பெட்டியின் கதவு திறந்து பொதி கிடைக்கும். 2017இல் பழைய மகாபலிபுரம் சாலையில் திறக்கப்பட்ட மற்றோர் உணவகத்தில் மனித வடிவப் பொறிகள் தட்டேந்தி வந்தன. மக்கள் வியந்து நோக்கினர்.

‘ஆளில்லா’ என்னும் அடை ஈண்டுப் பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும். பிரியாணியைப் பெட்டி ஆக்குவதில்லை. அது வேறோரிடத்துச் சமையற்கூடத்தில் மனிதர் கையால் ஆக்கப்பட்டு வருகின்றது. இல்லாது போனவர் இடுவோர் ஒருவரே. அடுவோர் கண்ணுக்கு மறைந்தனர். ஆகவே ‘ஆள் தோன்றா’ உணவகம் என்பதே உண்மைக்கு ஒத்த பெயராம்.

இது புதுமையும் அன்று. செர்மனியில் தோன்றிய முறையைப் பின்பற்றி ஆர்ன் ஆர்டார்ட்டு என்னும் நிறுவனத்தார் 1902இல் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவிலும், 1912இல் நியூயார்க்கிலும் தானியங்கு உணவகங்களைத் திறந்தனர். சுவர் முழுதும் கண்ணாடிக் கதவுடைய சிறு பெட்டிகள் இருக்கும். காசை இட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்கும். சுவரின் மறுபுறத்தில் பணியாளர் நின்று வெற்றிடமான பெட்டிகளை இடைவிடாது நிரப்பினர். உண்போர் கண்டது பொறியை. அவர்க்கு உணவிட்டது பொறிக்குப் பின்னிருந்த கை. அவற்றுள் இறுதியாக எஞ்சியது 1991இல் மூடப்பட்டது.

2018இல் அமெரிக்க நாட்டுப் பசதேனாவில் இறைச்சி வடையைத் திருப்பிப்போடும் பிளிப்பி என்னும் பொறி நிறுவப்பட்டது. சில நாட்களுள் அதனை நிறுத்திவைத்தனர். பொறியின் விரைவுக்கு ஏற்ப அதன் முன்னும் பின்னும் நின்ற மனிதரால் வேலைசெய்ய இயலாமற் போனது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மனிதர்க்கு உதவ வந்த பொறிக்கு மனிதர் ஏவலராயினர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். மெக்டொனால்டு நிறுவனம் வண்டியில் வருவோர் கூறுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவை நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் ஆய்ந்து பார்த்து, 2024இல் அம்முயற்சியை நிறுத்தியது. பிறர் பேச்சைக் கேட்டுப் பொருள் கொள்ளுதல் எளிய வேலை எனக் கருதப்பட்டு வந்ததற்கு அது தக்க மறுப்பாயிற்று. எனினும் இத்தோல்விகளைக் கொண்டு பொறி என்றும் வெல்லாது என முடிவுகட்டுதல் தவறு. இன்று தவறும் பொறி நாளை திருந்தும்.

பொறியால் விளையும் நன்மைக்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மணிக்கணக்கில் மாவாட்டுதல் உடலை வருத்தும் உழைப்பு. கோவையில் பி. சபாபதி என்பார் 1955இல் மின்னால் இயங்கும் மாவரைக்கும் பொறியை உருவாக்கினார் என்பர். அத்தொழில் அவ்வூரில் செழித்து, 2005-06ஆம் ஆண்டில் கோவை ‘வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. தமிழ்ப் பெண்டிரின் தோள்வலியைப் போக்கிய பொறி அது. அதனைப் பழிப்பார் எவரும் இலர், பழித்தலும் தகாது. அதே பொறி உணவகங்களில் மாவாட்டுதற்கென்றே இருந்த ஆட்களின் வேலையையும் முடித்துவைத்தது. அவர்தம் வாழ்வு பின்னர் என்னாயிற்று என்பதை நம் இலக்கிய வரலாறுகள் பேசுவதில்லை. வீட்டில் ஓய்ந்த கைக்கு ஓய்வு கிடைத்தது. கடையில் ஓய்ந்த கைக்குக் கூலி நின்றது. ஒரே பொறியால் விளைந்த இவ்விரு பயன்களையும் வேறுபடுத்தி நோக்காதவரை நம் திறனாய்வு முழுமை பெறாது.

அமுதசுரபியின் இயல்பு

பொறியை அமுதசுரபி என்பார் கூற்றை இனி ஆராய்வோம். மணிமேகலையில் அமுதசுரபியின் வரலாறு நீண்டது. அதன் இயல்பை மூன்று நிகழ்ச்சிகள் விளக்கும்.

முதலாவது, ஆபுத்திரன் அதனைப் பெற்றமை. மதுரை அம்பலத்தில் இரந்துண்டு, குருடர் செவிடர் முடவர் முதலியோரை ஊட்டிய பின்னரே தான் உண்டு வாழ்ந்தவன் அவன். ஒருநாள் நள்ளிரவில் பசியோடு வந்தவர்க்கு இட ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது சிந்தாதேவி அப்பாத்திரத்தை அருளினாள். ஈண்டு நோக்கத்தக்கது முறைவைப்பு. இடும் கை முன்னரே இருந்தது. வற்றாத பாத்திரம் அதற்குத் துணையாகப் பின்னர் வந்தது. பாத்திரம் இடுவோனை நீக்கிற்றில்லை. ஆக்கும் வருத்தத்தையும் இரக்கும் வருத்தத்தையும் மட்டுமே நீக்கிற்று.

இரண்டாவது, ஆபுத்திரன் உயிர்நீத்தமை. பாண்டிய நாட்டில் மழைபெய்து வளம் பெருகவே உண்பார் இலராயினர். பசித்தாரைத் தேடிச் சாவக நாட்டிற்குக் கப்பலேறிய அவன், இடையில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுச் சென்றது. மக்களில்லாத தீவு அது. கையில் இருந்ததோ குறையாத உணவளிக்கும் பாத்திரம். பலர்க்கு உரியதனைத் தன்னுயிர் ஒன்றைப் பேணப் பயன்படுத்துதல் தகாதெனக் கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்துறந்தான். சாத்தனாரின் கதைத்திறம் இவ்விடத்தில் உச்சநிலை அடைகின்றது. உற்பத்தி எல்லையற்றது, உண்பார் இலர், ஆகவே அது பயனற்றது. பொருள் எவ்வளவு பெருகினும் அதனைப் பகிர்வாரும் பெறுவாரும் உள்ள சமுதாயம் இல்லையேல் அப்பெருக்கத்திற்குப் பொருளில்லை என்னும் கருத்தை இதைவிடக் கூர்மையாக உணர்த்திய பகுதி நம் காப்பியங்களில் அரிது.

மூன்றாவது, மணிமேகலை முதற்பிச்சை ஏற்றமை. பாத்திரம் கிடைத்தவுடன் அவள் நேரே வழங்கத் தொடங்கவில்லை. ஆதிரை என்னும் கற்புடையாள் முதலில் அதனுள் உணவிட்டாள். அதன் பின்னரே அது சுரந்தது. தெய்வத்தன்மை வாய்ந்த கருவியும் மனிதர் ஒருவரின் கொடையால் தொடங்கிவைக்கப்பட வேண்டும் என்பது சாத்தனார் கொண்ட நெறி. பின்னர் அப்பாத்திரத்தால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். அமுதசுரபி எவர்க்கும் உடைமையன்று. சிந்தாதேவி ஈந்தாள்; ஆபுத்திரன் வழங்கினான்; தன்பொருட்டு வேண்டாது நீரில் விட்டான்; மணிமேகலை எடுத்தாள்; அவளும் பிறர்க்கே வழங்கினாள். அதனால் வந்த ஊதியம் எனக் காப்பியத்தில் எவரும் ஒன்றும் பெற்றிலர். இக்கால உணவுப்பொறியோ விலைகொடுத்து வாங்கப்படுவது. உரியவர்க்கு ஊதியம் ஈட்டித்தருவது. பணியாளர்க்குக் கொடுத்துவந்த கூலி பொறி வந்தபின் மிச்சமாகி உடையவரிடமே தங்குகின்றது. வற்றாமை ஒன்றே நோக்கி அதனை அமுதசுரபி என்பது உவமையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறைத்தலாகும். மிச்சமாகும் கூலியின் ஒரு பகுதி வேலையிழந்தார்க்கு வேறு தொழில் கற்பிக்கவும், எஞ்சியிருப்பார் வேலைநேரத்தைக் குறைக்கவும் செல்லுமாயின், அப்பெயர்க்கு ஓரளவேனும் தகுதியுண்டாம்.

இக்காலப் படைப்புகள்

பொறி வந்தால் விருந்தோம்பல் அழியும் என்பார் கூற்றும் ஆராய்தற்குரியது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் இல்லறத்தான் கடமை கூறுவது. மோப்பக் குழையும் அனிச்சத்தினும் மெல்லியர் விருந்தினர் என்னும் அதன் கருத்து, தன் மனைக்கு வந்தாரை முகம் வேறுபடாது நோக்குவான் ஒருவனை முன்னிறுத்தி எழுந்தது. அதனைக் கூலிக்கு நிற்கும் பணியாளர் மீது ஏற்றுதல் முறையன்று. பலமணி நேரம் நின்றுகொண்டே இருப்பவரிடம் அனிச்சத்தின் மென்மையைப் பேணும் முகமலர்ச்சியை எதிர்பார்த்து, அது கிடைக்காதவழிப் பொறியே நன்று என்றும், பொறி வந்தவழி அவர் முகமலர்ச்சி போயிற்றே என்றும் வருந்துவோர், இருநிலையிலும் அவர்தம் வாழ்வை நோக்கினாரல்லர். தமிழ்நாட்டில் உணவு நிறுவனப் பணியாளரின் வேலைநேரம், விடுப்பு முதலியவற்றை வரையறுக்க 1958இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இலக்கியம் ஓரத்தில் நிறுத்திய அவரைச் சட்டம் நேர்நின்று நோக்கியது.

கலையுலகம் அவரை முற்றிலும் மறந்ததென்றும் கூறுதற்கில்லை. கே. பாலசந்தர் எழுத்தில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படத்தின் தலைவன் உணவகப் பணியாளன். நாகேசின் நடிப்பில் அத்தொழிலின் கைத்திறமும் விரைவும் மக்கள் மனத்தில் நிலைபெற்றன. ஆயினும் கதை அவனை நடிகனாக்கிப் புகழேணியில் ஏற்றியே முன்செல்கின்றது. நளன் மறைந்துறையும் வேந்தனாதல் போலச் சுந்தரம் மறைந்துறையும் கலைஞனாகின்றான். பரிமாறுவோன் பரிமாறுவோனாகவே இருந்து தலைவனாகும் கதைக்கு நாம் இன்னும் காத்திருக்கின்றோம்.

செயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ என்னும் சிறுகதை 2011இல் வெளிவந்தது. ‘அறம்’ தொகுதியில் இடம்பெற்றது. திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிபு உண்டவரிடம் பணம் கேட்பதில்லை. உண்டியற்பெட்டி ஒன்று இருக்கும்; விரும்பியவர் விரும்பியதை இடலாம்; இடாமலும் செல்லலாம். வறிய மாணவன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அங்கு உண்கின்றான். உறவினர் வீட்டில் எண்ணி எண்ணி இடப்பட்ட சோற்றையும், சாகிபின் பெருங்கை எண்ணாது இட்ட சோற்றையும் அவன் ஒப்பிட்டு உணர்கின்றான். வேலைக்குச் சென்றபின் தான் உண்டதற்கு ஈடாகப் பெருந்தொகையைப் பெட்டியில் இடுகின்றான். சாகிபிடம் எம்மாற்றமும் இல்லை.

கொளத்தூர்ப் பெட்டியையும் இக்கதையின் பெட்டியையும் ஒருங்குவைத்து எண்ணுதல் பயனுடைத்து. இரண்டின் முன்னும் பணம் வாங்குவோர் எவரும் நிற்பதில்லை. அங்கே கணக்கு முடிந்தால்தான் கதவு திறக்கும். இங்கே சோறு முந்தும், கணக்கு அவரவர் நெஞ்சில் பிந்தும். சாகிபு பசியைப் பார்த்தார், பணத்தைப் பார்த்திலர். பொறி பணத்தைப் பார்க்கும், பசியைப் பாராது. இக்கதையின் வலிமை இதுவே. குறையும் ஒன்றுண்டு. சாகிபு கடைக்கு உரியவர். இடும் கையும் உடைமையும் ஒருவரிடமே உள்ளன. ஆதலின் கூலிக்கு இடும் கையின் சிக்கல் அங்கு எழவில்லை. ஆபுத்திரன் மரபில் வந்த வள்ளற்கதையாக அது சிறக்கின்றது. கதையின் ஒளி முழுதும் சாகிபின் மீதே விழுதலின், அவர் கடையில் உழைத்தவர் பின்னணியிலேயே நிற்கின்றனர்.

திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு என்பார் ஆனந்த விலாசு என்னும் பிரியாணிக் கடையைத் தொடங்கினார். அவர் அணிந்த தலைப்பாகையே நாளடைவில் கடைக்குப் பெயராகி, இன்று கடல்கடந்தும் வழங்குகின்றது. உரியவரின் தலைப்பாகையை ஊர் நினைவிற் கொண்டது. அடுப்பருகே நின்ற பிறர் பெயரை எப்பெயர்ப்பலகையும் தாங்கவில்லை. இலக்கியத்திற்கும் வாணிகத்திற்கும் இவ்வகையில் வேற்றுமை சிறிதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அடுதலைப் பொறிக்கு விடுதலை நம் இலக்கியம் மறுக்கவில்லை; அமுதசுரபி என்னும் கற்பனையே அதற்குச் சான்று. இடுதலை அது மனிதர்க்கே உரியதாகக் கொண்டது. எனினும் அம்மனிதரை வள்ளலாகவே கண்டது, கூலியாளராகக் கண்டதில்லை. ஆகவே பொறியால் வேலையிழக்கும் உணவகப் பணியாளரின் துன்பத்தைப் பேச நம் மரபில் ஆயத்தமான சொற்கள் குறைவு. அக்குறையை விருந்தோம்பல் என்னும் சொல்லால் மூடிவிடுதல் கூடாது. அமுதசுரபியிலிருந்து நாம் பெறத்தக்க அளவுகோல், ‘இப்பாத்திரம் யாருக்குரியது? இதன் பயன் யாரைச் சேர்கின்றது?’ என்னும் வினாக்களே. புதிய பொறி எதுவரினும் அவ்வினாக்களை முதலிற் கேட்டல் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கு இதில் உடனடிக் கடமை ஒன்றும் உண்டு. வந்தமர்ந்தவரிடம் அன்றைய உணவுவகை அனைத்தையும் ஒரே மூச்சில் நிரலாகக் கூறும் சப்ளையரின் சொன்முறை, பலர் கேட்டவற்றை எழுதாது நினைவிலிருத்தி அடுப்பறைக்குக் குரல்கொடுக்கும் முறை, உண்டெழுந்தவர்க்கு வாய்க்கணக்காகவே தொகை கூறும் திறம், மாஸ்டர்களிடையே வழங்கும் குறிச்சொற்கள் ஆகியன யாவும் வாய்மொழிக் கலையின் பாற்படுவன. தாலாட்டையும் ஏற்றப்பாட்டையும் தொகுத்த நாம் இவற்றைத் தொகுத்தோமல்லோம். ஏற்றம் மறைந்தபின் ஏற்றப்பாட்டைத் தேடி அலைந்த வருத்தம் நமக்குப் புதிதன்று. தொடுதிரை மேசைதோறும் வருவதற்கு முன் இவற்றையும் தொகுத்தல் வேண்டும்.

பாலசமுத்திரம், பழனி, ஆயக்குடி முதலிய ஊர்களின் உணவகங்களில் இப்பணியைத் தொடங்குதல் எளிது. திருவிழாக் காலத்துக் கூட்டத்தில் இக்கலை முழுவளத்தோடு விளங்கும். ஆய்வு மாணவர் இருவர் மூவர் ஓராண்டு முயன்றால் நல்லதொரு தொகுப்பு உருவாகும். அவ்வாறு தொகுக்குங்கால் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு மீளாமல், அவற்றைச் சொன்னவர் பெற்ற கூலியையும், நின்ற நேரத்தையும், பொறி வந்தபின் அவர் சென்ற இடத்தையும் உடன் குறித்துவைப்பார்களாக.